கடைசிப் பாட்டில் ஓர் இரைச்சல்

மணியன் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்ற சொல் வந்து கேட்டவர்கள் யாருமில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார். படம் நன்றாக இருந்தால் தூங்காமல் பார்ப்பார். மனம் ரொம்பவும் குளிர்ந்துபோனால் ‘பரவால்ல’ என்பார். அந்தப் ‘பரவால்ல’வை வாங்குவதற்காக அவர் மனைவி கலாவதி கல்யாணமான புதிதில் படாத பாடு பட்டாள்; பிறகு, இந்த மனுஷனுக்கு இதுதான் உச்சம் என்று தெரிந்துகொண்டு விட்டுவிட்டாள்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பயம்தான். உடுமலைப்பேட்டையில் அவர் வளர்ந்த வீட்டில் எதையும் வாய்விட்டுப் புகழக் கூடாது. புகழ்ந்தால் கண் பட்டுவிடும். ஊரார் கண்ணை எலுமிச்சம்பழம் பார்த்துக்கொள்ளும், பெற்றவர்கள் கண்ணுக்குத்தான் மருந்து கிடையாது. ‘இன்ஜினியர் படிச்சுட்டு இதெல்லாம் நம்புறீங்களா’ என்று யாராவது கேட்டால், “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று சிரிப்பார். ஃப்ரீமான்ட் வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்ற அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவரும் அவர்தான்.

தொழிலும் அதற்கு வாகாக அமைந்தது. சான்டா கிளாராவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தால் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் மணியனுக்கென்றே செய்தது. ‘எந்தத் தவறும் இல்லை’ என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் மற்றவர்கள் கேக் வெட்டுவார்கள். மணியனுக்கு அன்று சாப்பாடு இறங்காது. எங்கோ ஏதோ ஒளிந்திருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மகள் வான்மதி பிறந்தபோது இந்தப் பயம் ஒரு பொட்டாக உருவெடுத்தது. குழந்தையின் டேகேர் அவருடைய ஆபீசுக்குப் பக்கத்தில். காலையில் இவர்தான் கூட்டிக்கொண்டு போவார். கிளம்பும் முன் இடது கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைப்பார். டேகேர் மிஸ் அதை அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். சாயங்காலம் கன்னம் பளிச்சென்று திரும்பி வரும், மறுநாள் காலையில் பொட்டு மறுபடி ஏறும். அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இருவரும் தத்தம் கடமையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காலைகளில் மணியனுக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. அப்போதெல்லாம் 880 ஃப்ரீவேயில், ஆள் சேர்த்துப் போகும் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய கார்பூல் லேனுக்கு இரண்டு பேர் இருந்தால் போதும். பின் சீட்டில் கட்டிவைத்த, பால் பாட்டில் பிடித்த ஆளும் சட்டப்படி ஓர் ஆள்தான். மௌரி அவென்யூ பக்கம் ஏறி, நகராமல் நிற்கும் வண்டிகளைத் தாண்டி, இடது ஓரத்தில் இவர்கள் மட்டும் மிதந்துபோவார்கள். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வளைகுடாவிலிருந்து ஏறிவரும் மூடுபனி. முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் அதற்குள் கரைந்து கரைந்து தெரியும். கண்ணாடியில் பார்த்தால் குழந்தை தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. பாதிக் கண் திறந்திருக்கும். அந்த அரைமணி நேரம் மணியன் எதையும் பரிசோதிக்காமல், எதற்கும் பயப்படாமல் இருப்பார்.

கலாவதி அந்த வண்டியில் ஏறினால்தான் தொந்தரவு. “ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்பாள். இவர் ரேடியோவைக் குறைப்பார். அது ஏற்கனவே குறைவாகத்தான் இருக்கும். சற்று நேரம் கழித்து மறுபடி, “நிறுத்துங்கன்னா” என்பாள். இவர் அணைத்தே விடுவார். இவளுக்குப் பாட்டென்றாலே ஆகாது என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதிக் கண் குழந்தை வளர்ந்து, படித்து, ஓக்லாண்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேலை போக மீதி நேரத்தில் நண்பர்களோடு ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. அவர்களே எழுதி, அவர்களே பதிவு செய்து, அவர்களே விற்கிற பாட்டு. பேண்டுக்குப் பெயர் ‘மௌரி எக்ஸிட்’. “ஃப்ரீவே போர்டுல இருக்கறதை எல்லாமா பேரா வெப்பாங்க?” என்று கேட்டதோடு மணியனின் விமர்சனம் அப்போதைக்கு முடிந்தது.

முதல் ஆல்பம் இளவேனிலில் வந்தது. பெயர் ‘பேக் சீட்’. வான்மதி லிங்க் அனுப்பினாள். மணியன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அவள் அதை அப்பா கேட்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் கேட்டார். ஆபீஸ் போகும் வழியில், யாருக்கும் தெரியாமல் கேட்டார். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. கிட்டார் எங்கோ தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோல் இருந்தது. பெண்ணின் குரல் அதற்கும் அடியில் கிடந்தது. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஒளித்துவைக்கிறாள் என்று நினைத்தார். உடனே, ‘நல்ல குரல்’ என்று நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாட்டு விற்கிற தளத்தில், கேட்டவர்கள் நட்சத்திரம் போட்டுத் தங்கள் கருத்தை எழுதலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதை வாசிப்பது மணியனுக்குப் பழக்கமாகிவிட்டது. அவரே எதிர்பார்க்காத பழக்கம். ஒஹையோவில் லாரி ஓட்டும் ஒருவர், ‘இதைப் போட்டால் சாலை தானாக நகர்கிறது’ என்று எழுதியிருந்தார். நார்வேயிலிருந்து ஒருத்தி, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு கதவு இருப்பதாகவும், இந்த ஆல்பம் அதில் சாய்ந்து நிற்கிறது என்றும் எழுதியிருந்தாள். டெக்சாஸ்காரர் ஒருவர், குழந்தையைத் தூங்கவைக்கப் போட்டுத் தான் தூங்கிப்போனதைச் சொல்லியிருந்தார். எல்லோரும் ஐந்து நட்சத்திரம். வாசிக்க வாசிக்கத் தயிர் சாதம் காய்ந்துபோகும்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சச்சரவு. கடைசிப் பாட்டின் முடிவில் கிட்டார் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சத்தம் வரும், ம்ம்ம் என்று, சுருதியோ தாளமோ இல்லாமல். அது என்ன என்பதில்தான் சண்டை. ஃபிரிட்ஜ் என்றார் ஒருவர். தேன்கூடு என்றார் இன்னொருவர். பனியில் நிற்கும் கப்பல் என்று நார்வேக்காரி அடித்துச் சொன்னாள்.

ஐந்து, ஐந்து, ஐந்து. நாள் போகப் போக மணியன் நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினார். முன்பின் தெரியாத அத்தனை பேர் தன் பெண்ணை வாயாரப் புகழ்கிறார்கள். கடல் தாண்டியெல்லாம் கண் வருகிறது. ஒரு குறை, ஒரு கீறல் கிடையாது. எந்தத் தவறும் இல்லாத ரிப்போர்ட். இதற்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது? வான்மதி வேறு அந்த வாரம் போனில் இருமினாள்.

ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

பொட்டு வைப்பதிலும் முறை உண்டு. முகத்தின் நடுவில் வைக்க மாட்டார்கள், கன்னத்து ஓரத்தில்தான். பொய்யாகவும் குறை சொல்லக் கூடாது. அது சாபம் மாதிரி ஆகிவிடும். நிஜமாகவே சின்னதாக ஒரு குற்றம் வேண்டும். தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, உட்கார்ந்து தேடினார். முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக, காரில், ஆபீஸ் மாடிப்படியில், பால் வாங்கப் போகும் வழியில். தேடப் போனவர் உள்ளே தொலைந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது பாட்டில் மழைத்துடைப்பானின் தாளம் கேட்டது. ஐந்தாவதில் அவள் குரல் ஒரு திருப்பத்தில் ஏறி இறங்கும்போது, மூடுபனியில் சிவப்பு விளக்குகள் கரைந்தன. ஒரு நாள் ஆபீஸ் வாசலை விட்டுவிட்டு இரண்டு சிக்னல் தாண்டிப் போய்விட்டார். குற்றம் மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த இரைச்சல்தான் கிடைத்தது. சுருதி இல்லை, தாளம் இல்லை, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மனசாட்சிக்கு விரோதமில்லாத குற்றம். புனைபெயரில் கணக்கு ஒன்று திறந்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு, ஆபீஸ் வழக்கப்படியே இங்கிலீஷில் எழுதினார்: ‘கடைசிப் பாட்டு. இறுதிப் பகுதியில் பின்னணி இரைச்சல். சுருதியில் இல்லை. தேவையற்றது. நீக்கவும்.’ அனுப்பிவிட்டு, கன்னத்தில் மை வைத்த விரலைத் துடைப்பதுபோல் விரலை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் தயிர் சாதம் காயாமல் இறங்கியது.

ஆனால் வலையுலகத்தில் டேகேர் மிஸ் கிடையாது. துடைக்க ஆள் இல்லாமல் அந்தப் பொட்டு பரவத் தொடங்கியது. ‘இவர் சொன்ன பிறகு எனக்கும் அதுதான் கேட்கிறது’ என்று ஒருவர் வந்தார். ‘நல்ல ஆல்பம், முடிவில் கெடுத்துவிட்டார்கள்’ என்று அடுத்தவர். ஃபிரிட்ஜ் கட்சிக்காரர் நான்கு நட்சத்திரத்துக்கு இறங்கினார். மணியன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தான் வைத்தது கன்னத்து ஓரத்தில்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வான்மதி வீட்டுக்கு வந்தாள். அரிசிம்பருப்பு சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளறினாள்.

“என்னங் கண்ணு, உடம்பு சரியில்லையா?” என்றாள் கலாவதி.

“ஐ ஆம் ஓகே, அம்மா. ஆல்பத்தை வினைல் ரெக்கார்டா பிரஸ் பண்றோம். நாளைக்கு ஃபைனல் ஃபைல் அனுப்பணும். கடைசி சாங்ல அந்த எண்டிங்கை கட் பண்ணிடலாம்னு ஷ்ரேயஸ் சொல்றான்.” ஷ்ரேயஸ் பேண்டின் டிரம்மர். “எல்லாரும் கட் பண்ணலாம்னுதான் சொல்றாங்க. ஒரு ஆள் ஒன் ஸ்டார் போட்டு ஸ்டார்ட் பண்ணான். நௌ எவ்ரிபடி ஹேட்ஸ் இட்.” போனை எடுத்து அந்த விமர்சனத்தை வாசித்தாள். “‘தேவையற்றது. நீக்கவும்.’ ஹூ டாக்ஸ் லைக் தட்?”

மணியன் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “வெட்டிட்டாப் போச்சு. ஏதோ மெஷின் சத்தந்தானே அது?”

சொன்ன பிறகுதான், தான் கேட்கவே இல்லை என்று இவர்கள் நினைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஆனால் வான்மதியின் முகம் மாறியது அதற்காக இல்லை.

“அப்பா. அது நீங்க.”

“என்னது நானு?”

“அது நீங்க ஹம் பண்றது. நீங்க என்னை ஸ்டேஷன்ல டிராப் பண்ணப்போ போன்ல ரெக்கார்ட் பண்ணேன். லேன் மாறும்போதெல்லாம் பண்ணுவீங்களே. டேகேர் போற காலத்துல இருந்து. பின் சீட்ல உக்காந்தா அதைக் கேட்டுத்தான் தூங்குவேன். அந்த ஆல்பமே அதுதான்ப்பா.”

“நான் எங்க ஹம் பண்றேன்? எனக்குப் பாடவே தெரியாது.”

கலாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, கல்யாணம் ஆன நாள்ல இருந்து ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ன்னு நான் எதைச் சொன்னேன்னு நெனச்சீங்க?”

“ரேடியோவ.”

வான்மதி கடைசிப் பாட்டின் முடிவைப் போட்டு போனை மேசை நடுவில் வைத்தாள். ம்ம்ம். எத்தனையோ தடவை கேட்ட அதே சத்தம். இப்போது அதற்குள் மூச்சு கேட்டது. மூச்சுக்கு நடுவில் டிக் டிக் என்று வண்டியின் இண்டிகேட்டர் கேட்டது. உலகத்தில் எதற்கும் பயப்படாத ஒரு மனுஷன், பின்னால் பெண் தூங்குகிறாள் என்ற ஒரே நினைப்போடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனை மணியனுக்கு அதுவரை தெரியாது.

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். போனில் போய் அந்த விமர்சனத்தை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு முடிவை வெட்டிய ஃபைல் போய்விடும்.

“அந்த ஒத்த ஸ்டாரு நாந்தாங் கண்ணு” என்றார்.

வான்மதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பின்கட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். மணியன் பின்னாலேயே போனார். அவள் அழுவது தோளில் தெரிந்தது.

“எல்லாரும் அஞ்சு அஞ்சுன்னு போட்டாங்க. எனக்குப் பயமாப் போச்சு. சின்னப்புள்ளைல உனக்குக் கன்னத்துல பொட்டு வெப்பேனே, அந்த மாதிரி...”

“எத்தனை வருஷம்ப்பா? ஸ்கூல்ல, காலேஜ்ல, எல்லாத்துக்கும் பரவால்ல, பரவால்ல. ஒரு தடவை கூட நீங்க சொன்னதில்லை. நான் அந்த ஹம்மை ஏன் வெச்சேன் தெரியுமா? வாயால சொல்ல மாட்டீங்க. அதுதான் நீங்க எனக்குச் சொன்னதுன்னு நெனச்சேன். அதையே தேவையற்றதுன்னு எழுதிட்டீங்க.”

மணியன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வெட்ட வேண்டாங் கண்ணு. நல்லா இருக்குது.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாமே நல்லா இருக்குது. அந்த மூணாவது பாட்டுல வைப்பர் மாதிரி வருதே, அது நல்லா இருக்குது. அஞ்சாவதுல நீ இழுக்கறே பாரு, அன்னைக்கு நான் ஆபீசையே தாண்டிப் போயிட்டேன். உன்ற குரல் நல்லா இருக்குது சாமி. எதுக்கு அதை அடியில போட்டு மூடி வெக்கறே?” அணை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. பெற்றவன் கண், அதுவும் இத்தனை வருஷக் கண், மொத்தமாகப் பட்டாயிற்று.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலாவதி உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே ஓடினாள்.

“நான் அந்த ஒத்த ஸ்டாரை அழிச்சிடறேன்” என்றார் மணியன்.

வான்மதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் இடது கன்னத்தைத் தொட்டாள். “வேண்டாம்ப்பா. இருக்கட்டும். ஆனா எண்டிங்கை நான் கட் பண்ண மாட்டேன்.”

இரைச்சலோடுதான் ரெக்கார்டு வந்தது. ஷ்ரேயஸ் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு அடங்கிவிட்டான். ஆனால் வேறொன்று போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மணியனுக்கு ஹம் வரவில்லை. லேன் மாறும்போதெல்லாம் தன் தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே ம்ம் என்று இழுத்துப் பார்த்தார். பல் வலிக்காரன் முனகல் மாதிரி இருந்தது. வண்டிக்குள் இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்றது. “நிறுத்துங்க” என்று சொல்ல எதுவும் இல்லாமல் கலாவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் அவளே கேட்டாள்: “ஏனுங்க, ரேடியோவாச்சும் போடுங்களேன்.” கண் பட்டது எதன்மேல் என்று மணியனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்தச் சத்தம் இனி ரெக்கார்டில் மட்டும்தான் என்று நினைக்கும்போது, செத்துப்போன யாருடைய குரலையோ வைத்திருப்பதுபோல் இருந்தது.

இலையுதிர் காலத்தில் பேண்டுக்கு டெக்சாஸில் சில கச்சேரிகள் அமைந்தன. வான்மதியைச் சான் ஹோசே விமான நிலையத்தில் விட, ஒரு காலை மூவரும் கிளம்பினார்கள். முன் சீட்டில் கிட்டார் பெட்டியை நிறுத்தியிருந்ததால் அம்மாவும் பெண்ணும் பின்னால் உட்கார்ந்தார்கள். இப்போது கார்பூல் லேனுக்கு மூன்று பேர் வேண்டும். மூன்று பேர் இருந்தார்கள்.

மௌரியில் ஏறும்போதே மூடுபனி இறங்கியிருந்தது. மலை இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது. வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து கரைந்தன. மணியன் டெக்சாஸில் குளிர் இருக்குமா, இவள் ஸ்வெட்டர் எடுத்தாளா, அந்த இருமல் போய்விட்டதா என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு லேனாக இடப்பக்கம் மாறினார். பாதை திறந்து கொடுத்தது. பழைய நாட்களைப் போல வண்டி மிதந்துபோயிற்று.

வெகு நேரம் கழித்துத்தான் பின்னால் பேச்சுச் சத்தமே இல்லை என்று உறைத்தது. கண்ணாடியில் பார்த்தார். கலாவதி, “ஏனுங்க” என்று ஆரம்பிக்க வாயெடுத்ததுபோல் இருந்தது. வான்மதி அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று உதட்டில் விரல் வைத்திருந்தாள். தலை சீட்டில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது.

“என்னங் கண்ணு? ஏன் ரெண்டு பேரும் பேசாம வர்றீங்க?”

வான்மதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லப்பா. டிராஃபிக் பரவால்ல. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க.”